படி இறங்கினால் முட்டிச் சில்லுக்குப் பின்னால் வலி: ஓடுவதை விட்டுடணுமா?

சிப்புட்_செம்மண்:
அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கேன். வயது 34, எடை 82 கிலோ. வாரம் மூணு நாள் 3 கி.மீ. ஓடிக்கிட்டிருந்தேன். ஈப்போவில் ஒரு 10 கி.மீ. ஓட்டத்துக்குப் பேர் கொடுத்ததால ரெண்டே வாரத்தில் 6 கி.மீ. ஆக்கினேன். பாதை செம்பனைக் காட்டுக்குள்ள செம்மண் சாலை. கடைசி ஒரு கிலோமீட்டர் லயம் (தோட்டக் குடியிருப்பு) வரைக்கும் இறக்கம்.

இப்போ வலது முட்டிச் சில்லுக்குப் பின்னால மந்தமா வலிக்குது. படி இறங்கும்போதும், ரொம்ப நேரம் உட்கார்ந்து எழும்பும்போதும் தெரியுது. வீக்கம் இல்லை. சப்பாத்து ஒன்றரை வருசம் பழசு. ஓட்டத்துக்கு இன்னும் 9 வாரம் இருக்கு. வீட்டில் "ஓடினா முட்டி தேஞ்சிடும், விட்டுடு"ன்னு சொல்றாங்க. விடணுமா? முட்டிக்கு உறை (நீ கார்டு, knee guard) போட்டா சரியாகுமா?

இயன்மருத்துவ_அக்கா:
தம்பி, வீட்டில் சொல்றதுக்கு முதல்ல பதில். 2017-இல் வந்த ஒரு ஆய்வுத் தொகுப்பில், பொழுதுபோக்காக ஓடுறவங்களில் 3.5 விழுக்காட்டினருக்கு இடுப்பு அல்லது முட்டி மூட்டுத் தேய்மானம் இருந்தது. ஓடாம உட்கார்ந்தே வாழ்றவங்களில் 10.2 விழுக்காடு, போட்டி மட்டத்தில் ஓடுறவங்களில் 13.3 விழுக்காடு. முட்டி கெட்டவங்க ஓட்டத்தை விட்டிருப்பாங்க என்பதையும் கணக்கில் வைக்கணும். அதனால ஓட்டம் முட்டியைக் காக்கும்னு இதை வச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா உங்களைப் போல ஓடுறவங்களுக்கு முட்டி தேஞ்சிடும் என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை.

நீங்க சொல்ற அடையாளம் முட்டிச் சில்லும் தொடை எலும்பும் சேருற இடத்து வலிக்குப் பொருந்துது. முட்டியின் வெளிப்பக்கம் சுருக்குன்னு குத்தினா அது வேற. இடுப்பிலிருந்து இறங்கும் பட்டைத் தசைநாண் சம்பந்தப்பட்டது. சில்லுக்குக் கீழே ஒரு புள்ளியில் மட்டும் வலிச்சா, அங்கே உள்ள தசைநாணைப் பார்க்கணும்.

காரணமும் நீங்களே எழுதியிருக்கீங்க. 3 கி.மீ. ரெண்டு வாரத்தில் 6 ஆச்சு, முடிவில் ஒரு கிலோமீட்டர் இறக்கம். இறக்கத்தில் ஒவ்வொரு அடியிலும் முன்தொடைத் தசை பிரேக் போடுது. அப்போ சில்லு எலும்போடு அழுந்துது. களைச்ச தொடையோட கடைசியில் இறங்கும்போது அந்தச் சுமை இன்னும் மோசம்.

முழுசா நிறுத்த வேண்டாம். வலிக்கு 0 முதல் 10 வரை மதிப்பு போடுங்க. ஓடும்போது 3 வரை இருந்தா தொடரலாம், ஆனா மறுநாள் காலைக்குள்ள பழைய நிலைக்கு வந்துடணும். வரலைன்னா அடுத்த ஓட்டத்தில் தூரத்தைக் குறைங்க.

கூடவே வாரம் மூணு நாள் பயிற்சி வேணும், இதைத்தான் எல்லாரும் பாதியில் விடுறாங்க. சுவரில் முதுகைச் சாய்ச்சு, வலி வராத ஆழம் வரைக்கும் இறங்கி 30 விநாடி நில்லுங்க; 5 தடவை. அடுத்து 15 சென்டிமீட்டர் உயர வாசல் படி போதும்: ஒரு காலில் நின்னு, மறு குதிகால் தரையைத் தொடும் வரை 3 விநாடி எடுத்து மெதுவா இறக்குங்க. காலுக்கு 8 தடவை, 3 சுற்று. முட்டி உள்பக்கம் சாயக்கூடாது, கண்ணாடி முன்னால செஞ்சா தெரியும். சாயுதுன்னா இடுப்புப் பக்கத் தசை பலவீனம். பக்கவாட்டில் படுத்து மேல் காலைக் கொஞ்சம் பின்னால் தள்ளி 15 தடவை தூக்குங்க. கடைசியா ஒற்றைக் காலில் குதிகால் உயர்த்துறது, 12 தடவை, 3 சுற்று. மாற்றம் தெரிய 6 வாரமாவது ஆகும். ரெண்டு வாரத்தில் வலி குறைஞ்சதும் நிறுத்தினா திரும்ப வரும்.

நீ கார்டு போட்டுக்கலாம், சிலருக்கு ஆறுதலா இருக்கும். பலவீனமான தசையை அது பலப்படுத்தாது.

திடல்_பயிற்சியாளர்:
அக்கா சொன்னதுக்கு மேல ஓடும் முறையைப் பற்றிக் கொஞ்சம். தம்பி, சமதளத்தில் ஓடும்போது 30 விநாடிக்கு வலது கால் எத்தனை தடவை தரையில் படுதுன்னு எண்ணி நாலால் பெருக்குங்க. அதுதான் நிமிடத்துக்கான அடி. 160 வந்தா 168-க்கு ஏத்துங்க, வேகம் அப்படியே இருக்கட்டும். அடி குறுகும், கால் உடம்புக்கு வெகு முன்னால போய் விழாது, முட்டிமேல் சுமை குறையும். எல்லாரும் 180 அடிக்கணும்னு சொல்றதைப் பின்பற்ற வேண்டாம்; உங்க எண்ணிலிருந்து 5 விழுக்காடு போதும். ஒரு நிமிடம் அப்படி ஓடி, ரெண்டு நிமிடம் இயல்பா ஓடிப் பழகுங்க.

பாதையை இப்பவே மாத்துங்க. முதல் நாலு வாரம் பள்ளித் திடல் அல்லது சமமான தார் சாலை. தோட்டச் சாலையை விட முடியலைன்னா இறக்கத்தை நடந்து இறங்குங்க. குலை லாரியும் டிராக்டரும் போன செம்மண்ணில் டயர் பள்ளம் ஆழமா இருக்கும், மழை பெஞ்ச மறுநாள் வழுக்கும். நம்ம ஊரில் காலை 7 மணி வரைக்கும் இருட்டு, தலை விளக்கு இல்லாம அங்கே இறங்கக்கூடாது. சாலை ஓரம் சாய்வா இருந்தா ஒரே பக்கமா ஓடாதீங்க, ஒரு கால் எப்பவும் தாழ்வில் விழும். உள்சாலையில் வண்டி இல்லாத நேரம் நடுவில் ஓடலாம். பெரிய சாலையில் எதிரே வரும் வண்டியைப் பார்த்து ஓரமா ஓடுறதுதான் பாதுகாப்பு.

சப்பாத்துக்கு வயசைவிடக் கிலோமீட்டர்தான் கணக்கு, சுமார் 500 முதல் 800 வரை. அடிப்பாகம் ஒரு பக்கமா தேஞ்சிருந்தா, கையால் முறுக்கினா துணி மாதிரி மடங்கினா மாத்திடுங்க. மழையில் நனைஞ்சதை வெயிலில் போடாம, உள்ளே நியூஸ்பேப்பர் திணிச்சு நிழலில் காய வையுங்க. வெயிலில் பசை விட்டுப்போகும்.

சிப்புட்_செம்மண்:
ரொம்ப நன்றி அக்கா, அண்ணே. 9 வாரத்தில் 10 கி.மீ. எப்படி ஏத்துறது? பலம் கூடணும்னு பத்து மலை முருகன் கோயில் படியில் ஏறி இறங்கலாமான்னும் நினைச்சேன்.

திடல்_பயிற்சியாளர்:
இந்த முட்டியோட பத்து மலை வேண்டாம். 272 படி ஏறுறது பரவாயில்லை, அதே 272-ஐ இறங்கவும் வேணும். வலிக்கிற வேலையே அதுதான்.

வாரம் மூணு நாள், இடையில் ஒரு நாளாவது ஓய்வு. நீளமான ஓட்டம் வாரவாரியா இப்படி: 3, 3.5, 4, 5, 4, 6, 7, 8 கி.மீ. ஐந்தாம் வாரம் வேணும்னே குறைச்சிருக்கு. மற்ற ரெண்டு நாளும் 3 கி.மீ. தாண்ட வேண்டாம். முதல் ரெண்டு வாரம் 4 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை. ஒன்பதாம் வாரம் ரெண்டு லேசான 3 கி.மீ., பிறகு போட்டி. அதிலும் ஒவ்வொரு 2 கி.மீ.க்கும் ஒரு நிமிடம் நடங்க. வலி 3-ஐத் தாண்டின வாரத்தை அப்படியே திரும்பச் செய்யுங்க, அட்டவணையைத் துரத்த வேண்டாம்.

கிளினிக்_தாதி:
ஒரு எச்சரிக்கை மட்டும். வலி மாத்திரை போட்டுட்டு ஓடாதீங்க. வலியை மறைச்சு அதிகமா ஓட வைக்கும். வியர்த்து நீர் வற்றின உடம்பில் ஐபுப்ரோஃபென் வகை மாத்திரை சிறுநீரகத்துக்கும் கேடு.

முட்டி வீங்கினா, மடக்கி நீட்ட முடியாம பூட்டிக்கிட்டா, நடக்கும்போது திடீர்னு மடங்கினா, ராத்திரி வலி தூக்கத்தைக் கெடுத்தா, இந்தப் பயிற்சி எதையும் தொடராம அரசாங்க கிளினிக்குப் போங்க. குடிமக்களுக்கு 1 ரிங்கிட்தான் கட்டணம். தேவைப்பட்டா அங்கிருந்தே பெரியாஸ்பத்திரிக்கு இயன்மருத்துவத்துக்கு (பிசியோதெரபி) கடிதம் கொடுப்பாங்க. முட்டி சிவந்து சூடாகி, காய்ச்சலும் சேர்ந்தா கிளினிக் திறக்கும் வரை காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே அவசரப் பிரிவு.