பிகாஸுக்கு முன்னால் எதிர்மறை வந்தால் எப்படிச் சொல்லிக்கொடுப்பது? ஆங்கில ஆசிரியர்கள் உதவுங்களேன்

வணக்கம் நண்பர்களே. ஆங்கிலத்தில் காரணம் சொல்வது எப்படி என்று தங்கைக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன். அடிப்படை புரிந்துவிட்டது. பிகாஸுக்குப் பின் எழுவாயும் வினையும் வரவேண்டும்: 'பிகாஸ் இட் ரெயின்ட்'. பிகாஸ் ஆஃப் என்றால் பெயர்ச்சொல் போதும்: 'பிகாஸ் ஆஃப் தி ரெயின்'. பிகாஸில் தொடங்கிய வாக்கியத்தின் நடுவில் ஸோ போடக்கூடாது என்பதும் பழகிவிட்டது.

மாட்டிக்கொண்டு நிற்பது இந்த வாக்கியத்தில்தான்: 'ஐ டிடன்ட் லீவ் பிகாஸ் ஹி வாஸ் ஆங்ரி.' அவர் கோபமாக இருந்ததால் நான் கிளம்பவில்லை என்றும் எடுக்கலாம். கிளம்பினேன், ஆனால் அவர் கோபம் அதற்குக் காரணமில்லை என்றும் எடுக்கலாம். நேர் எதிரான இரண்டு செய்திகள்! முதல் பொருள் என்றால் பிகாஸுக்கு முன் கமா போடலாம், அல்லது பிகாஸ் பகுதியையே முன்னால் கொண்டுவரலாம். எனக்கு இரண்டாவது வழிதான் பிடித்திருக்கிறது, பேசும்போதும் குழப்பம் வராது. ஆனால் அந்த மற்றப் பொருளைச் சொல்ல இயல்பான வாக்கியம் எது? 'இட் வாஸன்ட் பிகாஸ் ஹி வாஸ் ஆங்ரி தட் ஐ லெஃப்ட்' என்பது சரிதான், ஆனால் கொஞ்சம் கனமாகத் தெரிகிறது.

இன்னொன்று, டியூ டு. 'தி டிலே வாஸ் டியூ டு ரெயின்' போல எழுதினால்தான் சரி என்பது பழைய விதி. இப்போது பிகாஸ் ஆஃப் வரும் இடத்திலும் தாராளமாக எழுதுகிறார்கள். தேர்வுத்தாள் திருத்துபவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், அப்படி எழுதினால் மதிப்பெண் குறைப்பீர்களா?