தோப்பில் மூன்றாவது முறை கேபிள் திருட்டு: திருடனை எதுவரை தடுக்கலாம்?

கேள்வி: தென்னந்தோப்பு

உடுமலைப் பக்கம் நாலு ஏக்கர் தென்னந்தோப்பு, வீட்டில் இருந்து இரண்டு கிலோமீட்டர். ஆறு மாதத்தில் மூன்றாவது முறையாக மோட்டார் கேபிளை அறுத்துவிட்டார்கள். இந்த முறை வாய்க்கால் ஓரத்திலேயே ரப்பரைக் கொளுத்திக் காப்பரை உருவியிருக்கிறார்கள், காலையில் நான் போனபோது சாம்பலில் சூடுகூட ஆறவில்லை. தடவைக்கு ஒன்பதாயிரம் போகிறது, அதைவிட நாலைந்து நாள் தண்ணீர் இல்லாமல் குரும்பை கொட்டுவதைப் பார்க்கத்தான் வயிறு எரிகிறது. பக்கத்துத் தோட்டத்து அண்ணன், ராத்திரி மோட்டார் ரூமைச் சுற்றிக் கம்பி கட்டி கரண்ட் லைன் கொடுத்துவிடு என்கிறார். கம்பியும் வாங்கிவிட்டேன். வீட்டில் நுழைந்த திருடனை அடிக்கலாம் என்கிறார்களே, அது தோட்டத்துக்கும் பொருந்துமா? சிக்கினால் கட்டி வைக்கலாமா?

பதில் 1: வழக்கறிஞர்

முதல் வேலையாக அந்தக் கம்பியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இதே மாதிரி ஒரு வழக்கு 1963-லேயே உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. பீகாரில் ஒருவர், தன் கழிப்பறையை அக்கம்பக்கத்தார் பயன்படுத்துகிறார்கள் என்ற கோபத்தில் போகிற வழியில் மின்கம்பியைக் கட்டினார், பக்கத்து வீட்டுப் பெண் அதில் பட்டு இறந்துபோனார். என் சொத்தைக் காப்பாற்றத்தான் கட்டினேன் என்ற வாதம் எடுபடவில்லை, அத்துமீறி நுழைந்தவர் என்பதற்காக அவருடைய உயிருக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லாமல் போய்விடாது என்று சொல்லி தண்டனையை உறுதி செய்தார்கள்.

தற்காப்பு உரிமை தோட்டத்துக்கும் உண்டு. இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் பிரிவு 34 முதல் 44 வரை படியுங்கள், பழைய இபிகோவில் 96 முதல் 106 வரை இருந்ததுதான். திருடுகிறவனைத் தடுக்கலாம், தள்ளலாம், கேபிளைப் பிடுங்கலாம், ஆனால் தேவைக்கு மேல் ஒரு அடிகூடக் கூடாது என்கிறது 37. போலீசை அழைக்க நேரம் இருந்தால் இந்த உரிமையே கிடையாது. உயிர் போகும் அளவுக்குப் போக 41-ல் சில சூழல்கள்தான்: கொள்ளை, இரவில் வீட்டை உடைத்து நுழைவது, குடியிருப்புக்கோ பொருள் வைக்கும் கட்டடத்துக்கோ தீ வைப்பது, அப்புறம் நம் உயிருக்கோ பெரிய காயத்துக்கோ நியாயமான அச்சம் தரும் திருட்டு. திறந்த தோப்பில் கேபிள் அறுப்பது இதில் எதிலும் வராது. பூட்டிய மோட்டார் ரூமை வீடு என்று வாதாட இடம் இருக்கிறது, ஆனால் அதை நம்பி யாரும் அரிவாளைத் தூக்க வேண்டாம்.

பதில் 2: வரப்பு

எங்கள் ஊரில் காட்டுப்பன்றிக்கு என்று வைத்த கம்பியில் விடியற்காலை ஆடு தேடிப் போன பையன் இறந்துபோனான். வைத்தவர் நல்ல மனிதர், இன்றைக்கும் அந்த வரப்பு வழியாக அவர் நடப்பதில்லை. உங்கள் தோப்பில் காலையில் தேங்காய் பொறுக்க யார் முதலில் வருகிறார் என்று யோசியுங்கள். நான் காப்பரை விட்டுவிட்டு அலுமினியக் கேபிளுக்கு மாறினேன், பழைய இரும்புக் கடையில் அதற்குப் பெரிய விலை இல்லை. முடிந்த இடத்தில் குழாய்க்குள் விட்டு இரண்டடி ஆழத்தில் புதைத்தேன். இரண்டு வருடமாகத் தொந்தரவு இல்லை.

பதில் 3: வழக்கறிஞர்

கட்டி வைப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். உங்கள் கண்ணெதிரே, போலீஸ் வாரண்ட் இல்லாமல் பிடிக்கக்கூடிய, ஜாமீனில் விட முடியாத குற்றம் நடந்தால் நீங்களே பிடிக்கலாம், ஆறு மணி நேரத்துக்குள் போலீசில் ஒப்படைக்க வேண்டும். ஆனால் 5,000 ரூபாய்க்குக் குறைவான திருட்டு இப்போது அந்த வகையில் வராது. அதனால் கேபிள் பில்லைப் பத்திரமாக வையுங்கள், புகாரில் தொகையை எழுதுங்கள். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீதோடு அனுப்பிவிடுவார்கள், அத்தோடு விடாமல் எஃப்.ஐ.ஆர். கேளுங்கள். மரத்தில் கட்டி அடித்தால் நீங்கள்தான் குற்றவாளி.

கேள்வி கேட்டவர்

தோப்புக்கு முதலில் வருவது எங்கள் அம்மாதான், ஐந்தரை மணிக்கு, டார்ச் இல்லாமல். கம்பியைக் கடையில் கொடுத்துவிட்டு அலுமினியக் கேபிளுக்கு விலை கேட்டு வந்தேன். மூன்று பில்லில் இரண்டு கிடைத்திருக்கிறது, நாளைக்கு ஸ்டேஷன் போகிறேன்.