ஆதிச்சநல்லூர்ப் பொருட்கள் எழும்பூரிலேயே இருக்க வேண்டுமா?

பொருநைக்கரை:
போன வாரம் பிள்ளைகளைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போனேன். எங்கள் ஆதிச்சநல்லூர்ப் பறம்பில் (மேட்டில்) பிரிட்டிஷ் காலத் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ 1899 முதல் தோண்டியெடுத்த வெண்கலப் பொருட்களைப் பார்த்தோம். "இதெல்லாம் ஏன் நம்ம ஊர்ல இல்ல?" என்று சின்னவள் கேட்டாள். இறந்தவரைப் புதைத்த தாழி பொருநைக் (தாமிரபரணி) கரையில், தாழிக்குள் இருந்தது 600 கிலோமீட்டர் தள்ளி. திருப்பிக் கொடுக்க வேண்டும்.

எழும்பூர் வாசகன்:
உங்கள் ஆதங்கம் புரிகிறது. ஆனால் வெண்கலத்தைக் கல் மாதிரி நினைக்காதீர்கள். மண்ணிலிருந்து உப்பு ஏறிய வெண்கலத்தில் ஈரக்காற்று பட்டால் பச்சைப் பொடியாக உதிரத் தொடங்கும். அதைத் தடுக்கத்தான் 1930இல் எழும்பூரில் வேதியியல் ஆய்வுக்கூடமே தொடங்கினார்கள். மின்பகுப்பு முறையில் களிம்பை நீக்கிக் காப்பாற்றிய பொருட்கள் அங்கே எத்தனையோ! 1851இல் தொடங்கிய அருங்காட்சியகத்தின் அனுபவத்தை ஊரில் ஒரே நாளில் உண்டாக்க முடியாது.

பொருநைக்கரை:
சென்னையிலும் கடற்காற்றுதானே அண்ணே? அங்கே முடிந்தது இங்கே முடியாதா? கீழடிப் பொருட்களுக்கு 2023இல் அந்த மண்ணிலேயே அருங்காட்சியகம் திறந்தார்கள். ஆதிச்சநல்லூரிலும் அதே ஆண்டு அகழாய்வுக் குழி மேல் கண்ணாடித் தளம் போட்டாயிற்று. கீழே தாழிகள் கிடந்த கிடையிலேயே தெரிகின்றன. ரீ எடுத்த வெண்கல மூடியை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். செத்தவருக்கு என்னென்ன வைத்துப் புதைத்தார்கள் என்று ஒரு பிள்ளைக்குப் பார்த்ததுமே விளங்கும். எழும்பூர்க் கண்ணாடிப் பெட்டிக்குள் அது வெறும் மூடி.

தாழிமண்:
இன்னொன்றும் இருக்கிறது. 1876இல் ஜெர்மானியரான யாகோர் இங்கே தோண்டி எடுத்தவை பெர்லினுக்குப் போயின. அவற்றை எந்த நியாயம் சொல்லிக் கேட்போம்? "இந்த மண்ணின் பொருள்" என்றுதானே? அதே நியாயத்தைச் சென்னையில் நாமே மறுக்கலாமா?

எழும்பூர் வாசகன்:
பெர்லினும் சென்னையும் ஒன்றா? சென்னை நம் தலைநகரம். குமரியிலிருந்து கிருஷ்ணகிரி வரை எல்லா ஊர்ப் பொருளையும் ஒரே கூரையின் கீழ் ஒப்பிட்டுப் பார்க்க ஆய்வு மாணவருக்கு வேறு எந்த இடம் இருக்கிறது? சரி, ஒரே மாதிரி பல இருந்தால் சிலவற்றை ஊருக்குக் கொடுக்கலாம், அதில் எனக்கு மறுப்பில்லை. ரீயின் பொருட்பட்டியல் 1915இலேயே அச்சானது, அதை வைத்துப் பிரிக்கலாம். அங்கே கிடைத்த பொன் நெற்றிப்பட்டம் மட்டும் பாதுகாப்பான இடத்தில் இருக்கட்டும். உங்களிடம் ஒரு கேள்வி: எழும்பூரில் உள்ள அமராவதிச் சிற்பங்களும் அப்படியானால் ஆந்திரத்துக்குப் போக வேண்டும். சம்மதமா?

பொருநைக்கரை:
முழுச் சம்மதம். கிருஷ்ணா நதிக்கரைப் பிள்ளையும் என் மகள் கேட்டதைத்தானே கேட்கும்.