மறு: 'ஓயிகா'வுக்குத் தமிழ்ச்சொல்

> பாசிமணம் என்றே சொல்லலாமே? கியோகுரோ தேநீரில் கடற்பாசி வாசம்தானே வருகிறது?

வணக்கம். புதிதாகப் படிப்பவர்களுக்கு: கியோகுரோ என்பது பறிக்கும் முன் செடியை மூடி நிழலில் வளர்க்கும் ஜப்பானியப் பச்சைத் தேயிலை; அப்படி வளர்ப்பதால் வரும் தனி மணமே 'ஓயிகா'.

நோரி என்ற உண்ணும் கடற்பாசித் தாளை அனலில் வாட்டியதுபோல் ஒரு வாசம் வருவது உண்மைதான். ஆனால் பாசி என்றதும் நமக்குக் குளத்துப் படிக்கட்டு வழுக்குவதுதான் நினைவுக்கு வரும். அந்த மணத்துக்குக் காரணமான டைமெத்தில் சல்பைடு, மக்காச்சோளம் வேகும்போது எழும் வாசத்திலும் உண்டு. ஆகவே பாசியோடு முடிச்சுப் போட வேண்டியதில்லை. ஜப்பானியர் எதையும் உவமை சொல்லவில்லை: 'ஓயி' மூடுதல், 'கா' மணம். விளைவிக்கும் முறையே பெயராகிவிட்டது. நாமும் அந்த வழியில் போகலாம்.

> அப்படியானால் 'மூடாக்கு மணம்'?

மூடாக்கு என்றால் உழவர்களுக்குச் செடியின் அடியில் பரப்பும் வைக்கோலும் இலைதழையும். இங்கே மூடுவது செடிக்கு மேலே. 'நிழல்மணம்' எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் நாட்டுமருந்துப் பக்குவத்தில் 'நிழலில் உலர்த்தி' என்று படித்துப் பழகியவர்கள், பறித்த இலையை நிழலில் காயவைப்பதாக எண்ணிக்கொள்வார்கள். கியோகுரோவில் நிழல் விழுவது செடியில் இருக்கும் இலைமேல். பறித்ததும் ஆவியில் அவித்துவிடுகிறார்கள்.

என் பரிந்துரை: பந்தல்மணம்.

ஜப்பானில் தேயிலைக்குப் பேர்போன உஜியின் பழைய முறையைப் பாருங்கள். கால் நட்டு, குறுக்கே மூங்கில் கட்டி, நாணல் தட்டியை விரிக்கிறார்கள். சில நாள் கழித்து அதன்மேல் வைக்கோல் பரப்பி வெளிச்சத்தை இன்னும் குறைக்கிறார்கள். நம் கீற்றுப் பந்தலேதான்! இப்போது பெரும்பாலும் கருப்பு வலை வந்துவிட்டது. பந்தல் என்ற சொல் அதற்கும் பொருந்தும். அறுவடைக்கு முன் சுமார் 20 நாள் செடி அதற்குள் இருக்கும். வேரில் உருவாகி இலைக்கு ஏறும் தியானின் என்ற அமினோ அமிலம், வெயில் பட்டால் துவர்ப்புத் தரும் கேட்டசினாக மாறுகிறது. பந்தலுக்குள் அந்த மாற்றம் குறைவதால், தியானின் தரும் உமாமி எனும் கனத்த சுவை தங்குகிறது. மணமும் அங்கேதான் பிறக்கிறது.

போன வாரம் 5 கிராம் இலைக்கு 50 மில்லி நீர் எடுத்து, 50 டிகிரிக்கு ஆறவிட்டு ஊற்றி, 2 நிமிடம் வைத்தேன். வடித்தால் மூன்று மடக்குதான். துவர்ப்பே தெரியவில்லை. பருப்புத் தண்ணீரின் கனம் நாக்கில் படிந்தது. விழுங்கிய பிறகுதான் மணம் மூக்குக்கு ஏறியது. இன்னொரு 5 கிராமில் கொதிநீர் ஊற்றிப் பார்த்தேன். துவர்ப்பு எல்லாவற்றையும் அமுக்கிவிட்டது.

> பந்தல் என்றால் கல்யாணப் பந்தல் என்று நினைக்க மாட்டார்களா?

புடலையும் பாகலும் 'பந்தல் காய்கறி' என்றே வேளாண் நூல்களில் வழங்குகின்றன. குழப்பம் வராது.

இடிப்பது கபுசேச்சா என்ற இன்னொரு நிழல்வளர்ப்புத் தேயிலை ஒன்றுதான். அதில் பெரும்பாலும் பந்தல் கட்டுவதில்லை, துணியைச் செடிமேலேயே போர்த்துகிறார்கள், அதுவும் குறைந்த நாளுக்கு. அதைப் 'போர்வைத் தேயிலை' எனத் தனியே குறிக்கலாம். மணம் மெலிதாக இருந்தாலும் பந்தல்மணம் என்ற சொல்லையே அதற்கும் ஆளலாம் என்பது என் கருத்து. மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.

'பந்தல் தேயிலை'யை மட்டும் கியோகுரோவுக்குப் பெயராக்க வேண்டாம். மாட்சா என்ற தேயிலைத் தூளுக்கு அரைக்கும் தென்ச்சா இலையும் அதே பந்தலில்தான் வளர்கிறது.

அன்புடன்.