குடும்பக் குழுவில்: கிருஷ்ணகிரி மாவட்டம் தளியில் முதல் வருஷ டீச்சர்

*ஜூலை, ஞாயிறு இரவு*

அம்மா: மதினி, இவ போன்ல சரியாவே பேச மாட்டேங்கா. தொண்டை கட்டிக்கிச்சாம். வேலையில சேந்து ரெண்டு மாசம் கூட ஆகல.

அத்தை: ஏட்டி, எத்தனை பிள்ளைய இருக்கு உன் ரூம்ல?

நான்: 24 பேர் அத்தை. ஒண்ணு, ரெண்டு, மூணு எல்லாம் ஒரே ரூம். நாலும் அஞ்சும் ஹெச்.எம். பாக்காங்க. பாதிப் பேர் வீட்டுல தெலுங்கு, கொஞ்சம் பேர் கன்னடம். தமிழ் பள்ளிக்கூடத்துல மட்டுந்தான்.

அத்தை: முதல்ல கத்துறத நிறுத்து. நீ சத்தத்தக் கூட்டினா பிள்ளைய அதுக்கு மேல கூட்டும். நீ ரெண்டு தட்டு தட்டு, அதுக மூணு தட்டணும். இத விளையாட்டாவே ஒரு வாரம் பழக்கு. தட்டிட்டுப் பேசாம நில்லு. கடைசிப் பிள்ளை அடங்குற வரைக்கும் வாயத் திறக்காத. அது ரொம்ப நேரமாத் தோணும், நின்னுக்கோ.

மாமா: போர்டப் பாத்துக்கிட்டே பேசாதம்மா. எழுது, திரும்பு, பிறகு பேசு. தொண்டை பாதி அதுலதான் போகுது.

நான்: கை தட்டுறத நாளைக்கே ஆரம்பிக்கேன். ஆனா பெரிய கஷ்டம் வேற அத்தை. அரசோட எண்ணும் எழுத்தும் திட்டத்துல சொன்ன மாதிரி, படிக்கிற நிலைய வச்சு அரும்பு, மொட்டு, மலர்னு பிரிச்சு உக்கார வைக்கேன். அரும்புதான் முதல் படி. அரும்புகூட உக்காந்தா மத்த ரெண்டு கூட்டமும் அஞ்சே நிமிஷத்துல எழும்பிருது.

அத்தை: அந்த ரெண்டு கூட்டத்துக்கும் என்ன வேலை குடுக்க?

நான்: பயிற்சி நூல்ல அடுத்த பக்கம்.

அத்தை: அடுத்த பக்கம் அவங்களுக்குப் புதுசு. புரியாதுன்னா எழும்பத்தான் செய்யும். புதுசு எதுவும் உன் பக்கத்துல வச்சுத்தான் நடக்கணும். தனியா செய்யுற வேலை நேத்தே செஞ்சு தெரிஞ்ச வேலையா இருக்கணும். ஒரே ரூம்ல பல வகுப்பு வச்சு நடத்துறதுல இதுதான் உயிர்நாடி, மத்ததெல்லாம் பிறகு.

அத்தை: இன்னொண்ணு. 2007 வாக்குல செயல்வழிக் கற்றல் வந்தப்போ சுவரச் சுத்தி கீழ கரும்பலகை அடிச்சாங்கல்லா. உங்க ஸ்கூல்ல இருக்கா?

நான்: இருக்கு அத்தை. மேல சார்ட் ஒட்டி மறைச்சிருக்கு.

அத்தை: சார்ட்ட ஒரு முழம் மேல ஏத்தி ஒட்டு. பலகையில கட்டம் போட்டு ஒவ்வொண்ணுலயும் ஒரு பிள்ளை பேர எழுதிக் குடு. காலையில வந்ததும் தேதி, நேத்து படிச்ச சொல்லு மூணு, ஒரு கணக்கு. நீ சொல்லாமலே அதுக்குள்ள போயி நிக்கணும். தன் பேர் இருக்குற இடத்த எந்தப் பிள்ளையும் விட்டுக் குடுக்காது. அந்த நேரத்துல நீ வருகையப் போட்டு முடிச்சுரலாம்.

மாமா: எமிஸ் வேலைய, அதான் போன்ல ஏத்துற அரசுப் பதிவ, அதோட சேத்து முடிச்சிரு. மிச்சப் பதிவேடெல்லாம் மத்தியானத்துக்கு. பாட நேரத்துல போன் பைக்குள்ளயே கிடக்கட்டும்.

நான்: மூணாம் வகுப்புல ஒரு பையன் அத்தை. நல்ல சூட்டிகை. கணக்கு வாயாலயே போடுவான். ஆனா ஒரு சொல்லு படிக்க மாட்டேங்கான். 247 எழுத்தும் வரிசையா ஒப்பிக்கான், சேத்துப் படிக்கச் சொன்னா தலையக் குனிஞ்சுக்கிடுதான். அவன் மூஞ்சியப் பாக்க முடியல.

அத்தை: ஒப்பிக்கிறது வேற, படிக்கிறது வேற. அவன ட, ப, ம-க்குக் கூட்டிட்டு வா. படம், மடம், பட்டம். மூணு எழுத்துல அவன் படிக்கிற ஆளாயிருவான். அந்த தைரியம் முதல்ல வரட்டும். பிறகு துணைக்கால் மட்டும்: பாடம், மாடம். அது நின்ன பிறகு அடுத்த குறி. கெ, கே, கொ, கோ இதுலதான் பிள்ளைய ரொம்ப நாள் தடுமாறும். கொம்பு எழுத்துக்கு முன்னால நிக்குது, சத்தம் பின்னால வருதுல்லா. அதுக்கு மட்டும் கூட ரெண்டு வாரம் ஒதுக்கிக்கோ, அவசரப்படாத.

அக்கா: நீ இப்பவே ஒரு நோட்டு போட்டுரு. ஒரு பிள்ளைக்கு ஒரு பக்கம். மார்க் வேண்டாம். எந்தக் குறியில நிக்கான்னு மட்டும் எழுது. தினம் அஞ்சு பேர பக்கத்துல உக்கார வச்சு ரெண்டு நிமிஷம் படிக்கக் கேட்டா வெள்ளிக்கிழமைக்குள்ள 24 பேரும் முடிஞ்சுருவாங்க. எனக்கு இங்க மெட்ரிக்ல ஒரு செக்ஷனுக்கு 40 பேரு, நான் ஏங்குற வசதி உனக்கு இருக்கு.

நான்: தெலுங்கு பேசுற பிள்ளைங்கள என்ன செய்ய அக்கா? கதை கேட்டா அப்படியே உக்காந்திருக்கு.

அக்கா: முதல்ல அவங்க வீட்டு மொழியிலயே பேச விடு. நாலாம் வகுப்புல ரெண்டும் தெரிஞ்ச பிள்ளை இருக்கும், பத்து நிமிஷம் கூப்பிட்டுக்கோ. கதை புரிஞ்ச பிறகுதான் தமிழ்ச் சொல்லு ஒட்டும்.

மாமா: கேள்வி கேட்டா உடனே ஆளக் கூப்பிடாத. மனசுக்குள்ள அஞ்சு எண்ணு. ரெண்டு மொழியில யோசிக்கிற பிள்ளைக்கு அந்த நேரம் வேணும்.

அத்தை: படிக்கிற வேலையெல்லாம் காலையிலயே வச்சுக்கோ. நான் சேந்த காலத்துல 11 மணிக்கெல்லாம் பிள்ளைய தலை சாஞ்சுரும், பசி. 2023-ல காலை உணவு எல்லா அரசு தொடக்கப் பள்ளிக்கும் வந்த பிறகு அந்த முதல் ரெண்டு மணி நேரம் தங்கம்.

அம்மா: பிள்ளைங்க சாப்பிடுது சரி. இவ மத்தியானம் நின்னுக்கிட்டே தின்னுட்டு ஓடுதா.

அத்தை: உக்காந்து சாப்பிடு மக்ளே. ஏப்ரல் வரைக்கும் உடம்பு தாங்கணும்.

*அக்டோபர்*

நான்: அத்தை, அந்தப் பையன் ஒரு வாரமா வரல. ஆயுத பூஜைக்கு சாமந்தி பறிக்க அப்பா அம்மா தோட்டத்துக்குப் போறாங்க, தங்கச்சியப் பாத்துக்க இவன வச்சிருக்காங்க. இப்பத்தான் கால், கொக்கி எல்லாம் பிடிச்சான்.

அத்தை: சாயங்காலம் வீட்டுக்குப் போ. ஏன் வரலன்னு வாசல்லயே கேக்காத. அவன் கணக்கு போடுறதச் சொல்லு, படிக்க ஆரம்பிச்சதச் சொல்லு. அந்த அம்மாவுக்கு வாத்தியார் வீட்டுக்கு வந்தாலே பிள்ளை மேல குறை சொல்ல வந்திருக்காங்கன்னுதான் தோணும். பிறகு தங்கச்சிய அங்கன்வாடியில விட முடியுமான்னு கேளு.

நான்: போயிட்டு வந்தேன். அங்கன்வாடி பக்கத்துலயே இருக்கு, யாரும் கொண்டு விடல. திங்கக்கிழமை ரெண்டு பேரும் வருவாங்க. அந்த அம்மா என் கையப் பிடிச்சுக்கிட்டே இருந்தாங்க.

மாமா: நல்ல வேலை செஞ்சிருக்கம்மா.

*ஜனவரி, பொங்கல் லீவு முடிஞ்சு*

நான்: எல்லாம் போச்சு அத்தை. கை தட்டினா திரும்ப மாட்டேங்கு. பாதி பலகை காலி.

அத்தை: எல்லா வருஷமும் பொங்கலுக்குப் பிறகு இப்படித்தான். மூணு நாளைக்குப் புதுப் பாடம் எடுக்காத. ஜூன் மாசம் மாதிரி முதல்லருந்து பழக்கு. அந்த மூணு நாள நீ இழக்கல, பிப்ரவரியில அது திரும்பி வரும்.

*பிப்ரவரி*

நான்: அத்தை!! அந்தப் பையன் பஸ் ஸ்டாப்ல என் பக்கத்துல நின்னான். வந்த பஸ்ல போர்டப் பாத்து, ஒவ்வொரு எழுத்தா, "தேன்கனிக்கோட்டை"ன்னு படிச்சான். நான் சொல்லிக் குடுக்கல. யாரும் கேக்கல.

அம்மா: ஐயோ என் தங்கமே. உன்னையும் சொல்லுதேன், அவனையும் சொல்லுதேன்.

அக்கா: அதுல தே இருக்கு, கோ இருக்கு! ரெட்டைக் கொம்பு ரெண்டும் தாண்டிட்டான்!

மாமா: நோட்டுல அவனுக்குள்ள பக்கத்துல தேதி போட்டு எழுதி வை.

அத்தை: இத நீ செஞ்ச. எனக்கு 30 வருஷத்துக்கு மேல சர்வீஸ், ஒரு பிள்ளை படிக்க ஆரம்பிக்கிற அன்னைக்கு வர்ற சந்தோஷம் எனக்கு இன்னும் குறையல. இனி அவனுக்கு ரெண்டு சொல்லு வாக்கியம் குடு. பாடப் புத்தகத்துக்கு இப்போ தள்ளாத. அவன் சொல்லுறத நீ எழுது, அதையே அவன் படிக்கட்டும். தோட்டம், பூ, தங்கச்சி எல்லாம் வரும்.

நான்: நாளைக்கே அத்தை. மொட்டுல இன்னும் நாலு பேரு கொ, கோல நிக்காங்க. அவங்களுக்கு?

அத்தை: ஊர்ப் பேர் பத்து எழுதி அட்டை பண்ணு. ஓசூர், கோவை, கோவில்பட்டி, தேனி, சேலம். பஸ் ஓட்டுற விளையாட்டு. அவன கண்டக்டரா நிறுத்து.

அக்கா: அட்டை பண்ணினதும் போட்டோ எடுத்து இங்க போடு. என் செக்ஷனுக்கும் வேணும்.