கிரிக்கெட் மைதானத்தை ஒட்டிப் புதிய பிளாக்: எந்தப் பக்கம் கட்டினால் ஆட்டமும் கெடாது, கட்டடமும் சூடாகாது?

கேம்பஸ்_வரைபடம்:
வணக்கம். தாம்பரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் நடுவில் உள்ள ஒரு கலை அறிவியல் கல்லூரிக்காகக் கேட்கிறேன். தரைத்தளமும் மூன்று மாடியும் கொண்ட வகுப்பறை பிளாக். ஒரு தளம் 1,250 ச.மீ., மொத்தம் 5,000 ச.மீ., உயரம் 16 மீட்டர். 1,500 மாணவர்கள், எல்லாரும் டே ஸ்காலர். அதே வளாகத்தில் 150 பேர் தங்கும் விடுதி ஏற்கெனவே இருக்கிறது.

காலி இடம் மைதானத்தைச் சுற்றித்தான். பிட்ச் வடக்கு-தெற்காக இருக்கிறது, பவுண்டரி 65 மீட்டர். கட்டடக் குழு மேற்குப் பக்கம் கேட்கிறது. ரோடு அங்கேதான், பார்வையாளருக்கும் நிழல் கிடைக்கும் என்பது அவர்கள் வாதம். முகப்பு முழுக்கக் கண்ணாடி போட்டு கிரிஹா எனும் பசுமைக் கட்டட ரேட்டிங்கும் வாங்க வேண்டும் என்கிறார்கள். ஜனவரி கடைசியில் பக்கத்துக் கல்லூரியோடு வருடாந்திர 50 ஓவர் ஆட்டம் இங்கே நடக்கும். இரண்டு காலேஜ் பசங்களுக்கும் வருடத்தில் அதுதான் பெரிய நாள், அது நின்றுவிடக் கூடாது. எந்தப் பக்கம் கட்டலாம்? மைதானத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து? வேலை நடக்கும்போது ஆட்டத்தை என்ன செய்வது?

கோடும்சுவரும்:
மேற்குப் பக்கம் வேண்டவே வேண்டாம் சார். ஜனவரி கடைசியில் உங்கள் ஊரில் 16 மீட்டர் கட்டடத்தின் நிழலைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பவுண்டரிக்கு வெளியே 10 மீட்டர் தள்ளிக் கட்டினாலும் மாலை 4:30 மணிக்கு 25 மீட்டருக்கு மேல் மைதானத்துக்குள் வந்துவிடும். 5 மணிக்கு 45 மீட்டரைத் தாண்டும். அப்போது சேஸிங்கின் கடைசிப் பத்து ஓவர் ஓடிக்கொண்டிருக்கும். மேற்கே நிற்கும் ஃபீல்டர் இருட்டில், பந்து வெளிச்சத்தில் இருந்து வரும். கேட்ச் விடுவதற்கு அது ஒன்றே போதும்.

கட்டடத்துக்கும் அந்த இடம் கேடுதான். மேற்கு பவுண்டரியை ஒட்டி நீளமாகக் கட்டினால் நீளமான முகம் மேற்கு வெயிலைப் பார்க்கும். மாலை வெயில் சாய்ந்து நேராக உள்ளே நுழைவதால் சஜ்ஜா (ஜன்னலுக்கு மேல் நீட்டும் நிழல் பலகை) எவ்வளவு நீட்டினாலும் அதைத் தடுக்க முடியாது. அதன் மேல் கண்ணாடியும் போட்டால் ஏசி பில் கட்டியே கல்லூரி ஓய்ந்துபோகும்.

வடக்கு முனையில், கிழக்கு-மேற்காக நீளம் வருமாறு கட்டுங்கள். டிசம்பர், ஜனவரியில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் நிழல் மைதானத்துக்கு எதிர்ப்பக்கமாக விழும். மே, ஜூனில் உச்சி வெயில் சற்று வடக்கே போகும். அப்போதும் நண்பகல் நிழல் 3 மீட்டர்தான், பவுண்டரியைத் தொடாது. தெற்கு ஜன்னல் 1.5 மீட்டர் உயரம் என்றால் 60 செ.மீ. சஜ்ஜா போதும். மார்ச் முதல் அக்டோபர் நடுப்பகுதி வரை நண்பகல் வெயிலைக் கண்ணாடி மேல் விடாது. குளிர்காலத்தில் கொஞ்சம் வரும், வரட்டும். மேற்குக் குறுஞ்சுவரில் ஜன்னலே வைக்காமல் மாடிப்படியும் டாய்லெட்டும் கொண்டுபோய் அடையுங்கள், வகுப்பறைக்கு அதுவே கவசம். மொட்டை மாடியில் வாட்டர் ப்ரூஃபிங் முடித்து வெள்ளை கூல் ரூஃப் டைல்ஸ். சோலார் போடும் இடத்தில் 1 கிலோவாட்டுக்கு 10 ச.மீ. ஒதுக்கி, தெற்கு நோக்கி 13 டிகிரி சாய்வு கொடுங்கள்.

முழுக் கண்ணாடி முகப்பு எரிசக்தி விதியிலேயே நிற்பது கஷ்டம். இசிபிசி (கட்டடங்களுக்கான எரிசக்திச் சேமிப்பு விதி) சொல்லும் நேரடி அளவுகளின்படி போனால் மொத்த வெளிச்சுவர்ப் பரப்பில் ஜன்னல் பங்கு 40 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 25 சதவீதத்திலேயே நல்ல வெளிச்சம் கிடைக்கும், ஜன்னலின் தலைமட்டம் உயரமாக இருந்தால் சரி.

ரோலர்_பிட்ச்:
வடக்கு முனை சரிதான். ஆனால் அதில் ஒரு வம்பு இருக்கிறது, வரைபடத்திலேயே தீர்த்துவிடுங்கள். அந்தக் கட்டடம் பௌலரின் கைக்கு நேர் பின்னால் வரும். தெற்கு முனையில் நிற்கும் பேட்ஸ்மேன் பந்தைப் பார்க்கும்போது பின்னணியில் தெரிவது உங்கள் பிளாக்தான். ஜன்னலும் சுவரும் மாறி மாறி வரும் அந்தப் பின்னணியில் பந்தைப் பார்ப்பது அவருக்குக் கஷ்டம். மாடி வராந்தாவில் ஒருவர் நடந்தாலும் அம்பயர் ஆட்டத்தை நிறுத்த வேண்டி வரும்.

பிட்ச்சின் நடுக்கோட்டை வடக்கே நீட்டுங்கள். அந்தக் கோடு சுவரைத் தொடும் இடத்தில் இரு பக்கமும் 6 மீட்டர், ஆக 12 மீட்டர் அகலத்துக்கு கீழ் இரண்டு தளமும் ஜன்னல் இல்லாத மட்டச் சுவர். உள்ளே ஸ்டோர், செமினார் ஹால் மாதிரி அறைகளை வைத்துக்கொள்ளலாம். பளபளப்பில்லாத வெள்ளை பெயின்ட் அடியுங்கள், பளபளப்பு பெயின்ட் வெயிலில் கண்ணாடி மாதிரியே அடிக்கும். சிவப்புப் பந்துக்கு அந்தச் சுவரே சைட் ஸ்கிரீன், அதாவது பந்து தெளிவாகத் தெரிய பௌலருக்குப் பின்னால் வைக்கும் திரை. வெள்ளைப் பந்து ஆட்டம் என்றால் கறுப்புத் துணி கட்ட வேண்டும், அதற்கான கொக்கியைப் பூசும்போதே பதித்துவிடுங்கள். வராந்தா முழுக்கக் கட்டடத்தின் வடக்குப் பக்கம் போகட்டும். மைதானம் பார்த்த ஜன்னல்களுக்கு வெளியே நைலான் வலைக்கு ஃபிரேம் விடுங்கள், நேர் சிக்ஸர் அங்கேதான் வரும்.

அடுத்து வடிகால். நிறைய இடத்தில் கெடுவது இதில்தான். மைதானத்துத் தண்ணீர் இப்போது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று முதலில் லெவல் எடுங்கள். அது வடக்கே ஓடினால் உங்கள் பிளிந்த் (கட்டடத்தின் அடிமேடை) ஒரு அணை. நவம்பர் மழையில் வடக்கு பவுண்டரி குளமாகி, ஜனவரி வரை ஈரம் காயாது. பவுண்டரிக்கும் கட்டடத்துக்கும் நடுவில் 45 செ.மீ. அகலம், 60 செ.மீ. ஆழத்தில் ஜல்லி நிரப்பிய வடிகால் ஓடட்டும். அடியில் துளையிட்ட 150 மி.மீ. குழாய், சுற்றி ஜியோ துணி. துணி போடாமல் விட்டால் மண் இறங்கி ஒரே மழைக்காலத்தில் அடைத்துக்கொள்ளும். அஸ்திவாரத்துக்குத் தோண்டிய மண்ணை மைதானத்தில் கொட்டி "மட்டம் செய்து தருகிறோம்" என்று கான்ட்ராக்டர் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அதோடு கோரையும் பார்த்தீனியமும் வந்து சேரும்.

நீர்க்கணக்கு:
தண்ணீர் கணக்கைச் சொல்கிறேன். டே ஸ்காலருக்கு நாளொன்றுக்கு 45 லிட்டர், அதில் 20 லிட்டர் ஃபிளஷ். 1,500 பேருக்கு 67,500 லிட்டர். அதில் 80 சதவீதம் கழிவாக வந்தால் 54,000 லிட்டர் எஸ்டிபிக்கு (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) போகும். 65 மீட்டர் ஆரத்தில் உங்கள் மைதானம் சுமார் 13,270 ச.மீ. அருகம்புல் அவுட்ஃபீல்டுக்கு (பிட்ச்சைச் சுற்றிய புல்வெளி) நாளைக்கு 4 மி.மீ. என்று வைத்தால் 53,000 லிட்டர். பார்த்தால் அப்படியே பொருந்துவது போலத் தெரியும். ரேட்டிங் ஃபைலில் இதைத்தான் எழுதுவார்கள், அதே தண்ணீரை ஃபிளஷுக்கும் காட்டுவார்கள். ஒரு தண்ணீரை இரண்டு முறை செலவழிக்க முடியாது. ஃபிளஷுக்கு 30,000 போனால் மைதானத்துக்கு மிஞ்சுவது 24,000தான்.

அதனால் முழு மைதானத்தையும் பச்சையாக வைக்க ஆசைப்படாதீர்கள். 30 யார்டு வட்டத்துக்குள் சுமார் 3,470 ச.மீ. அதற்கு 5 மி.மீ. கொடுத்தாலும் 17,350 லிட்டர் போதும். மீதியை வாரம் ஒரு முறை நனைத்தால் அருகு உயிரோடு கிடக்கும், மழை வந்ததும் தழைத்துவிடும்.

பெரிய சிக்கல் ஏப்ரல் கடைசியும் மே மாதமும். புல்லுக்குத் தாகம் அதிகமாகும் அந்த நேரத்தில் வகுப்பு இல்லை, கழிவுநீரும் இல்லை. எஸ்டிபியில் உள்ள நுண்ணுயிர் பட்டினியில் செத்து, ஜூனில் திறக்கும்போது நாற்றம் கிளம்பும். விடுதி லைனை இதோடு இணையுங்கள். 150 பேர், தலைக்கு 135 லிட்டர், 80 சதவீதம் என்றால் 16,200 லிட்டர். எஸ்டிபியும் சாகாது, நடு வட்டமும் ஓரளவு தாங்கும். விடுதியும் மூடுகிற வாரங்களில் கிணற்றுத் தண்ணீர்தான். எஸ்டிபி தொட்டியை இரண்டு சிறிய யூனிட்டாகப் பிரித்துக் கட்டினால் லீவில் ஒன்றை மட்டும் ஓட்டலாம்.

மழைநீர்: தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடத்துக்கும் சேகரிப்பு கட்டாயம். சென்னைப் பக்கம் ஆண்டுக்குச் சுமார் 1,400 மி.மீ. மழை. 1,250 ச.மீ. கூரையில் 80 சதவீதம் பிடித்தால் 14 லட்சம் லிட்டர். ஆனால் ஒரே நாளில் 100 மி.மீ. கொட்டினால் 1 லட்சம் லிட்டர் வந்து நிற்கும். 10 x 4 x 2.5 மீட்டர் சம்ப் அதற்குச் சரி, வழிவதைத் திறந்த கிணற்றுக்கோ ரீசார்ஜ் கிணற்றுக்கோ விடுங்கள். முதல் மழையின் அழுக்கைத் தள்ளும் வால்வு இல்லாமல் சம்பில் விட்டால் பறவை எச்சமும் இலையும் சேர்ந்து புழு வைக்கும்.

ரோலர்_பிட்ச்:
மேலே சொன்னதோடு ஒன்று. எஸ்டிபி தண்ணீர் அவுட்ஃபீல்டுக்கு மட்டும், பிட்ச்சுக்கு ஒரு சொட்டும் வேண்டாம். அதில் சோடியம் உப்பு அதிகம். களிமண்ணில் சோடியம் ஏறினால் மண்ணின் பிடிப்பு போய்விடும். நனைத்தால் சேறு, காய்ந்தால் மேலே ஓடு கட்டி உதிரும், எவ்வளவு ரோல் செய்தாலும் இறுகாது. பிட்ச்சுக்கு சம்பில் இருக்கும் மழைத் தண்ணீரைத் தனிக் குழாயில் கொண்டுவாருங்கள். குழாய்க்கு வேறு நிறம் அடிக்காவிட்டால் ஆள் மாறும்போது வால்வும் மாறிப்போகும்.

கேம்பஸ்_வரைபடம்:
வடக்கு முனை என்று குழுவில் வைக்கிறேன். ரோட்டிலிருந்து தூரம் என்பார்கள், ஒரு உள்பாதை போட்டால் தீர்ந்தது. வேலை நடக்கும் வருடத்து ஆட்டம்?

ரோலர்_பிட்ச்:
இந்த ஜனவரி ஆட்டம் முடிந்ததும் மார்க்கிங் போடுங்கள். பிப்ரவரியிலிருந்து மே வரை அஸ்திவாரமும் பிளிந்த்தும், ஜூன் முதல் அக்டோபர் வரை நான்கு ஸ்லாப். அடுத்த ஜனவரியில் சாரத்தோடு நிற்கும் கட்டடம் பௌலருக்குப் பின்னால் இருக்கும், ஆட வேண்டாம். அந்த ஒரு வருடம் பக்கத்துக் கல்லூரி மைதானத்தில் ஆடுங்கள். கட்டடம் தாமதமானாலும் குழப்பம் வராமல் இருக்க, மாற்றி ஆடுவதை ஜூனிலேயே இரண்டு முதல்வர்களும் கையெழுத்துப் போட்ட கடிதமாக வைத்துக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சில் விட்டால் "பயந்து ஓடிட்டாங்க" என்று போஸ்டர் அடிப்பார்கள், அங்கிருந்துதான் சண்டை ஆரம்பமாகும்.

லாரிப் பாதையை மைதானத்துக்கு வெளியே தகரம் அடித்து அடைத்துவிடுங்கள். ஈரத்தில் ஒரு டிப்பர் அவுட்ஃபீல்டில் ஏறினால் இறுகிய தடத்தைத் தோண்டிக் கிளறித்தான் சரிசெய்ய முடியும். சிமென்ட் தூசி பறக்கும் மாதங்களில் பிட்ச் மேல் சாக்குப் படுதா.

கேலரியை மேற்கில் கட்டுங்கள், வெயில் முதுகுக்குப் பின்னால் போகும். ஒரே தளம், தாழ்வான கூரை என்றால் நிழல் மைதானத்துக்குள் அதிகம் வராது. இரண்டு கல்லூரிக்கும் அதே மேற்குப் பக்கம்தான். வந்த அணியின் ஆட்களைக் கிழக்கே உட்கார வைத்து மாலை முழுக்கக் கண் கூசவிட்டால் அதுவே ஆத்திரமாகும். நடுவில் டிரஸ்ஸிங் ரூம், அதற்கு இரு பக்கமும் 5 மீட்டர் காலி, அங்கே இரு கல்லூரி உடற்கல்வி இயக்குநர்களும் ஆசிரியர்களும். ஒரு ஆளுக்கு 45 செ.மீ. இருக்கை, படி அகலம் 80 செ.மீ. வந்த அணியின் பஸ்ஸுக்கு வேறு கேட், குடிதண்ணீரும் டாய்லெட்டும் தனித்தனி. முடிந்ததும் விருந்தினர் பஸ் கிளம்பிய பிறகே மெயின் கேட்டைத் திறங்கள்.

கோடும்சுவரும்:
கிழக்குப் பக்கத்தை மரத்துக்கு விடுங்கள். 2016 டிசம்பர் 12 வர்தா புயலில் சென்னையில் குல்மொகர் மாதிரி வெளிநாட்டு மரங்கள் கொத்துக் கொத்தாகச் சாய்ந்தன. வேம்பு, புங்கம், நீர்மருது வையுங்கள். பவுண்டரிக் கோட்டிலிருந்து 8 மீட்டராவது தள்ளி வையுங்கள், இல்லையென்றால் வேர் வடிகால் குழாயைத் தேடிப் போய்விடும்.