பசுந்தேயிலையை வாங்க எத்தனை பேர்? மெஷின் லேர்னிங் சொல்லுமா?

கோத்தகிரிக்காரன்: அக்கா மகன் குன்னூர் தேயிலை ஏல விலை, ஆலை வாரியாக வாங்கிய இலை எடை எல்லாவற்றையும் போட்டு, பழைய கணக்கிலிருந்து கற்றுக்கொண்டு கணிக்கிற ஒரு கம்ப்யூட்டர் மாடல் செய்திருக்கிறான். அடுத்த வருடம் எந்தப் பக்கம் விவசாயிகளிடம் பசுந்தேயிலை, அதாவது பறித்த பச்சை இலை வாங்குவது ஒன்றிரண்டு பேர் கைக்குள் போய்விடும் என்று முன்கூட்டியே காட்டுமாம். நான் நம்புகிறேன்.

மஞ்சூர் பனி: எனக்கு நம்பிக்கை இல்லை. அவன் அளப்பது ஹெச்ஹெச்ஐ தானே, சந்தை எவ்வளவு சிலர் கைக்குள் இருக்கிறது என்று காட்டுகிற எண்? ஒவ்வொருவர் பங்கையும் வர்க்கமாக்கிக் கூட்டுவது. பத்து பேர் ஆளுக்கு 10 சதவீதம் வாங்கினால் 1000, ஒரே ஆள் என்றால் 10,000. அமெரிக்காவில் 2023 முதல் 1800-ஐத் தாண்டினாலே மிகவும் செறிந்த சந்தை, அதாவது சிலர் கைக்குள் போன சந்தை என்கிறார்கள். நீலகிரி முழுவதையும் ஒரே சந்தை என்று எடுத்தால் எண் குறைவாக, அழகாகத்தான் வரும். ஆனால் பறித்த இலை அன்றைக்கே ஆலைக்குப் போகாவிட்டால் மூட்டையிலேயே சூடேறிச் சிவந்துவிடும், மஞ்சூர் இலையைப் பந்தலூருக்கு யார் ஏற்றிப் போவார்கள்? எங்கள் ஊருக்கு இலை வாங்க வருவது இரண்டு வண்டி. எனக்குச் சந்தை அவ்வளவுதான்.

கோத்தகிரிக்காரன்: அதற்குத்தான் ஒவ்வொரு ஊரைச் சுற்றியும் 15 கிலோமீட்டருக்கு வட்டம் போட்டிருக்கிறான்.

மஞ்சூர் பனி: மலையில் வட்டமா! எதிர்ச் சரிவில் கண்ணுக்குத் தெரிகிற ஆலைக்கு ரோட்டில் சுற்றிப் போக ஒரு மணி நேரம் ஆகும் அண்ணா.

கோத்தகிரிக்காரன்: சரி, ரோட்டு நேரத்தைப் போடச் சொல்கிறேன். அதற்காக மாடலே வேண்டாம் என்பீர்களா?

கணக்குப்பிள்ளை: நடுவில் வருகிறேன். வாங்குவோர் குறைவதைக் கணிப்பது வேறு, போட்டி செத்துவிட்டது என்று சொல்வது வேறு. விலை ஏற்ற இறக்கம் திடீரென்று அடங்கினால் வாங்குவோர் விலையைப் பேசிவைத்துக் கூட்டுச் சேர்ந்திருக்கலாம் என்று சந்தேகப்படுவது பழைய முறை. இங்கே அது எடுபடாது. ஏல விலையை வைத்துத் தேயிலை வாரியம் மாதாமாதம் சராசரி விலை அறிவிக்கிறது, எல்லா ஆலையும் அதை ஒட்டியே கொடுக்கும்போது விதிப்படி நடப்பவரையும் பேசிவைத்துக்கொண்டவரையும் மாடல் எப்படிப் பிரிக்கும்? ஒரே முதலாளிக்கு இரண்டு பெயரில் ஆலை இருந்தால் அதையும் இரண்டு ஆளாகத்தான் எண்ணும்.

மஞ்சூர் பனி: அதேதான். எங்கள் ஊரில் மூன்றாவது வண்டி நின்றபோது விலை ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. ஈரம் என்று மூட்டைக்குக் கழிக்கிற எடைதான் கூடியது, பணமும் தள்ளிப்போனது. இது எந்த ஏலக் கணக்கில் இருக்கிறது?

கோத்தகிரிக்காரன்: எடைச் சீட்டு வைத்திருக்கிறீர்களா?

மஞ்சூர் பனி: பிஸ்கட் டின் நிறைய. எலி கடித்தது போக.

கோத்தகிரிக்காரன்: ஞாயிற்றுக்கிழமை பையனோடு வருகிறேன்.

மஞ்சூர் பனி: வாருங்கள். மாடலை நம்பிவிட்டேன் என்று மட்டும் நினைக்காதீர்கள்.